நோனாவாக உட்கார்ந்தவள்

அந்த வருடம் வைகாசி பிறந்ததிலிருந்து கலுகல்ல ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு ஒழுங்காக நடக்கவில்லை. விடியும்போது வானம் தெளிவாகத்தான் இருக்கும். ரோசலின் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போவாள். முந்தின நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைப்பாள். பால் நூல் பிடித்து இறங்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து ருவான்வெல்லைப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வரும். சிரட்டையில் விழுந்த பால் வெள்ளைத் தண்ணீராகி மரத்தடியில் வழிந்துவிடும். பெண்கள் வெறும் வாளியோடு லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்புவார்கள்.

ரோசலின் அதிகம் பேசாதவள். கை சுத்தமான பால்வெட்டுக்காரி. அவள் வெட்டிய மரத்தில் காயம் பார்க்க முடியாது என்று கங்காணியே சொல்வார். கடைவீதிக்குப் போனால் சாமானை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். கேகாலைக்குக்கூட அவள் போனதில்லை. சிங்களம் மட்டும் லயத்தில் வேறு யாருக்கும் வராத சுத்தத்தோடு பேசுவாள். எங்கே பழகினாள் என்று கேட்டால், சின்ன வயதில் கொஞ்ச நாள் கொழும்பில் இருந்தேன் என்பாள். அவள் புருஷன் அந்தனிக்கும் அதற்கு மேல் தெரியாது. அவன் தோட்டத்துப் புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவன். அவன் கேட்டதும் இல்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சரோன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். சனி ஞாயிறுகளில் தோட்டத்துப் பாலர் பள்ளிக் கட்டடத்தில் ஒரு வகுப்பு நடந்தது. ருவான்வெல்லையிலிருந்து ஸாஹிரா என்கிற இளம் ஆசிரியை வந்து, வேலை தேடும் பிள்ளைகளுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் பழக்கினாள். எப்படிக் கதவைத் தட்டுவது, எப்படி உட்காருவது, எப்படிக் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது. தோட்டத்துப் பிள்ளைகள் ஓர் உத்தியோகத்தரைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு முதுகைக் கொஞ்சம் வளைத்து நிற்பார்கள். அதை விடச்செய்வதுதான் ஸாஹிராவுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆனி மாதம் ஒரு செய்தி வந்தது. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலைக்கு நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர்கள் வேண்டும். கேகாலையில் நேர்முகப் பரீட்சை. சரோனின் பெயரும் எடுபட்டிருந்தது. மழையில் ஓடி வந்து அவள் அதைச் சொன்னபோது ரோசலின் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

"கொழும்பாம்மா. தங்குற எடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே குடுப்பாங்களாம்."

ரோசலின் திரும்பவில்லை. கரண்டி கையில் அப்படியே இருந்தது. "யாரு சொன்னா?"

"மிஸ்தான். ஏம்மா?"

"சும்மா கேட்டேன்."

அன்று மாலை மழை விடவில்லை. அந்தனி வேலை முடிந்து வந்து, புகை மணம் போகக் குளித்துவிட்டு, பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தான். ரோசலின் துருவலகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சரோன் வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் கதிரையை நடுவில் இழுத்துப் போட்டாள்.

"யாராச்சும் பெரிய ஆள் மாதிரி உக்காந்து என்கிட்ட கேள்வி கேக்கணும். வீட்டுல பழகிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அப்பா, நீங்க வாங்க."

அந்தனி சட்டையைப் போட்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சரோன் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தாள்.

"உங்க பேரு என்ன?"

"சரோன், சேர்."

"அப்பா பேரு?"

"அந்தனி, சேர்."

"நல்ல பேரு. அவரு எப்படிப்பட்ட ஆளு?"

"பொய் சொல்லக் கூடாதே, சேர்."

அந்தனி சிரித்துவிட்டான். "சரி, சாப்டீங்களா? சாப்டுட்டுப் போங்க. வேல குடுத்தாச்சு."

"இவரு கேட்டா எல்லாருக்கும் வேல கெடைச்சிரும்" என்றாள் சரோன். "அம்மா, நீ வா. சிங்களத்துல கேளு. அங்க சிங்களத்துலதான் கேப்பாங்களாம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

"எனக்காக வாம்மா. ஒரு நோனா மாதிரி, பெரிய வீட்டுச் சிங்கள அம்மா மாதிரி நெனச்சுக்க."

ரோசலின் கையை முந்தானையில் துடைத்தாள். வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு பின்னால் சாய்ந்து, கால்மேல் கால் போட்டாள். அப்படி அவள் உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"மெஹெ வரென்" என்றாள்.

வா இங்கே என்பதுதான். ஆனால் நாயைக் கூப்பிடும் வா. சரோன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"கை ரெண்டையும் காட்டு."

அதுவும் அதன் பிறகு வந்ததும் எல்லாம் சிங்களத்தில்தான். குரல் மெலிந்து, கூர்மையாகி, வேறு யாருடையதோ போல வந்தது.

"நகத்தில அழுக்கு. இந்தக் கையால என் பிள்ளைங்க தட்டைத் தொடுவியா?"

"கழுவிட்டு வர்றேன், மெடம்."

"தலையைக் குனி. பேன் இருக்கா?"

"இல்ல, மெடம்."

"அழுவியா?"

"இல்ல, மெடம்."

"வரும்போது எல்லாரும் இப்படித்தான் சொல்றது. அழுதா எங்க படுக்கணும் தெரியுமா?"

சரோனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "தெரியாது, மெடம்."

"கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமா?"

"அம்மா" என்றாள் சரோன், தமிழில்.

"யாரு உனக்கு அம்மா? இந்த வீட்டுல உனக்கு அம்மா இல்ல."

ரோசலின் எழுந்து நின்றிருந்தாள். வலது கை காதுவரை ஓங்கியிருந்தது. சரோன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் போனாள். அவள் அம்மா அவளை அடித்ததே இல்லை.

"ரோசலின்" என்றான் அந்தனி.

ஓங்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாதவள் போல அவள் நின்றாள். பிறகு கை தானாகவே விழுந்தது. துருவலகைக்குப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து துருவத் தொடங்கினாள். அந்தனி கிட்டே போய்ப் பார்த்தான். தேங்காய் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் வெறும் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கீழே தட்டில் வெள்ளைத் தேங்காய்ப்பூவின்மேல் பழுப்புத்தூள் விழுந்துகொண்டிருந்தது. அவன் அவள் கையிலிருந்து சிரட்டையை மெதுவாக வாங்கி வைத்தான்.

மறுநாள் மழை இல்லை. பால் சேர்க்கும் நேரத்தில் சரோனும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அம்மா ஒரு நிரையில், மகள் அடுத்த நிரையில். சிரட்டையை எடுத்து, வாளியில் கவிழ்த்து, விரலால் வழித்து, திரும்ப மரத்தில் செருகினார்கள். அட்டை ஏறிய காலை ரோசலின் நின்று நின்று சவர்க்காரத் துண்டால் தேய்த்தாள். சரோன் காத்திருந்தாள்.

"நேத்து நீ பேசினது யாரு, அம்மா?"

ரோசலின் மூன்று நான்கு மரங்களின் சிரட்டையை வழித்து முடித்தாள்.

"எனக்கு அப்ப பதினொரு வயசு. பக்கத்துத் தோட்டத்து ஆளு ஒருத்தன் வந்தான். கொழும்புல நல்ல வீடு, கைப்பிள்ளைய பாத்துக்கிட்டா போதும்னான். தங்குற எடம், சாப்பாடு, படிப்புன்னான்." சிரட்டையை வழித்தாள். "நீ நேத்து வந்து சொன்ன பாரு. அதே மூணு வார்த்தை."

"படிக்க வச்சாங்களா?"

"அவங்க பிள்ளைங்களோட புத்தகப் பைய வேன் வரைக்கும் தூக்கிட்டுப் போவேன். கேட்டுக்கு உள்ளுக்குள்ள நிக்கணும். வெளியில கால் வைக்கக்கூடாது."

"அடிச்சாங்களா?"

"அடி பெருசில்ல சரோன். நம்ம லயத்துலயும் அடிக்கிறாங்க." அவள் அடுத்த மரத்துக்குப் போனாள். "சாமான் அறையில படுக்கை. அரிசி மூட்டைக்குப் பக்கத்துல. அவங்க தூங்கப் போறப்போ வெளியில கொண்டி போட்டுருவாங்க. திருடிருவேன்னு."

"வெளியிலயா? அப்ப அவசரம்னா?"

"காலைல தொறக்கிற வரைக்கும் இருக்கணும். ஒரு தடவ முடியல. அரிசி மூட்டை நனைஞ்சிருச்சு."

கீழே ஓடையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. வாளிகள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன.

"தாத்தா பாக்க வரலயா?"

"ஒரு தடவ வந்தாரு. நோனா பக்கத்துலயே நின்னா. எப்படி இருக்கேன்னு தாத்தா கேட்டாரு. நல்லா இருக்கேன்னு சொன்னேன். சிங்களத்துல சொன்னேன். தாத்தா, பிள்ளை நல்லா சிங்களம் பேசுதேன்னு சந்தோஷமா போனாரு."

"அப்புறம் எப்படி வந்த?"

"எங்கம்மா செத்துட்டாங்க. எழவுக்கு அனுப்பினாங்க." ரோசலின் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பஸ்ல ஏறினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, சரோன். அவிசாவளை தாண்டின பெறகுதான் எங்கம்மா செத்தது நெனப்பு வந்துச்சு. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. பாதர்கிட்ட சொல்ற பாவசங்கீர்த்தனத்துலகூட."

"திரும்பக் கூப்பிட வரலயா அவங்க?"

"அந்த ஆளு வந்தான். நான் ஸ்டோர்ல ஒட்டுப்பால் மூட்டைங்களுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். என்னா நாத்தம் அடிக்கும் அது. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது நாத்தமா தெரியாது." அவள் வாளியைத் தூக்கித் தலையில் வைத்தாள். "நீ போக வேணாம். இங்கேயே இரு. என்கூட பால்வெட்ட வா. கொழும்பு வேணாம்."

எதிர்த்துப் பேசுவாள் என்றுதான் ரோசலின் நினைத்தாள். சரோன் "சரிம்மா" என்றாள். அந்தச் சரியைக் கேட்டதும் ரோசலின் தலையிலிருந்த வாளியைத் திரும்பக் கீழே இறக்கினாள். தன் பயம் மகளின் உடம்புக்குள் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஸாஹிரா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரச் சொன்னபோது, சரோன் வெளியே கதவருகில் நின்றுகொண்டேயிருந்தாள். கை எழவில்லை. மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். "எனக்கு வரல மிஸ்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் ஸாஹிரா குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தாள். ரோசலின் அவளைக் கதிரையில் உட்காரவைத்து, பிளேன்டீயும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுத்தாள். தான் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். ஸாஹிரா வந்த காரியத்தைச் சொன்னதும், ரோசலின் தன் கதையை நாலு வாக்கியத்தில் சொன்னாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஸாஹிரா கோப்பையைக் கீழே வைத்தாள். "இப்ப அப்பிடி இல்லக்கா. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வச்சா போலீஸ் பிடிக்கும். இது பெரிய ஹொஸ்பிட்டல். சட்டம் இருக்கு."

"அன்னைக்கும் சட்டம் இருந்திருக்கும்ல, மிஸ்?"

கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா, மிஸ்? பிள்ளைங்க படுக்கிற எடத்த?"

"இல்ல."

"கதவு எந்தப் பக்கம் பூட்டுறாங்கன்னு?"

"இல்லக்கா. நான் பாக்கல்ல." ஸாஹிரா தரையைப் பார்த்தாள். "எங்கட உம்மாவும் என்னை வெளியூருக்கு வேலைக்கு விடல்ல. அதனாலதான் ருவான்வெல்லையிலயே நிக்கிறன். பிள்ளைகளை மட்டும் போ போன்னு அனுப்புறன்."

"நான் உங்கள குத்தம் சொல்லல, மிஸ்."

"தெரியும். ஆனா ஒண்டு கேக்கிறன். அந்த வீட்டுக்குப் போறதுக்கு முன்னால, உங்களுக்கு ஏதும் கேக்க வாய்ப்புக் கிடைச்சிருந்தா, என்ன கேட்டிருப்பீங்க?"

ரோசலின் உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் சரோன் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

"கேக்கலாம்னே எனக்குத் தெரியாது, மிஸ். அவங்க கேப்பாங்க, நம்ம சொல்லணும்னுதான் தெரியும்."

"இப்ப சொல்லுங்களே."

"எங்க படுப்பேன். பூட்டு எந்தப் பக்கம். எங்கப்பா வந்தா தனியா பேச விடுவீங்களா. என்னால முடியலன்னா யாருகிட்ட சொல்றது." அவள் குனிந்து கோப்பையை எடுத்தாள். "அவ்வளவுதான்."

மறுநாள் வகுப்பில் ஸாஹிரா மேசையைத் திருப்பிப் போட்டாள் என்று சரோன் வந்து சொன்னாள். ஸாஹிராவே ஆள் எடுப்பவளாக உட்கார்ந்து, பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன்னைக் கேள்வி கேட்க வேண்டும் என்றாளாம். ஒருத்திக்கும் முதலில் வாய் வரவில்லை. கேட்டால் கோபித்துக்கொண்டு வேலை தராமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று எல்லாருக்கும் பயம்.

"நீ கேட்டியா?" என்றான் அந்தனி.

"கேட்டேன் ப்பா. கேக்குறப்ப பயமாத்தான் இருந்துச்சு. ஆனா கதவத் தட்ட முடிஞ்சிச்சு." அவள் அம்மாவைப் பார்த்தாள். "நான் இன்டவியூவுக்கு மட்டும் போய்ட்டு வர்றேன். நீயும் வா. எடம் சரியில்லன்னா வேணாம்னு சொல்லிருவோம்."

ரோசலின் தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

நேர்முகப் பரீட்சை அன்று காலை கேகாலை பஸ்ஸில் சரோன் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ரோசலின் கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலச்சேலையைக் கட்டியிருந்தாள். மகளின் வெள்ளைச் சட்டையில் படாமல் பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். மண்டபத்தில் நிறையப் பெண்பிள்ளைகள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. உள்ளே போய்த் திரும்பிய ஒருத்தி, வாசலைத் தாண்டியதும் சுவரில் சாய்ந்து அழுதாள். அதைப் பார்த்துச் சரோன் அம்மாவின் விரலைப் பிடித்தாள்.

அவள் உள்ளே போய்க் கதவு மூடியதும் ரோசலின் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் கேட்கிறதா என்று செவி கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே யாரோ கதிரையை நகர்த்தும் சத்தத்துக்கு அவள் எழுந்தே விட்டாள். அப்போது கதவு திறந்தது. சரோனின் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, உன்ன கூப்பிடுறாங்க."

"என்னையா? என்ன செஞ்ச?"

"கேட்டேன். கேக்குறதுக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. படுக்கிற எடத்த வந்து பாக்கலாமான்னு கேட்டேன். இத யாரு கேக்கச் சொன்னதுன்னு கேட்டாங்க. எங்கம்மான்னு சொல்லிட்டேன்."

ரோசலின் உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் நரைத்த கொண்டையோடு ஒரு சிங்களப் பெண் இருந்தார். வைத்தியசாலையின் மேட்ரன் அவர்தான். உட்காரச் சொன்னார். ரோசலின் உட்காரவில்லை. கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

"நோனா" என்று தொடங்கினாள்.

"நான் நோனா இல்லை. மிஸ் என்றால் போதும். உட்காருங்கள்."

ரோசலின் உட்கார்ந்து, மகள் படுக்கிற இடத்தைத் தான் பார்க்கலாமா என்று கேட்டாள். அவள் பேசிய சிங்களத்தைக் கேட்டு மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தீர்கள்?"

"ஒரு வீட்டில், மிஸ். சின்ன வயதில்."

"எந்த வயதில்?"

ரோசலின் சொன்னாள். மேட்ரன் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளைகளைச் சேர்க்கிற நாளில் நீங்களும் வாருங்கள். இடத்தைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மகளை அன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் மகளின் வேலை இடத்தை நான் உங்களுக்காகக் காலியாக வைத்திருக்க முடியாது. வேறு பிள்ளைக்குப் போய்விடும். சரியா?"

"சரி, மிஸ்" என்றாள் ரோசலின். வெளியே வந்த பிறகுதான் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது தெரிந்தது.

அந்தப் பயணத்தை நினைத்து அவள் சாப்பாட்டை விட்டாள். மரத்தடியில் கத்தி இரண்டு தடவை வழுக்கிப் பட்டைக்குள் ஆழமாக இறங்கியது. கங்காணி வந்து, "என்னாச்சு ரோசலின், உன் கையா இது?" என்று கேட்டார். அந்தனி பக்கத்திலேயே நிற்கும் காவல் சம்மனசு மாதிரி பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மட்டும் சொன்னான். "நீ இத்தன வருஷம் இத தனியா வச்சிருந்திருக்க. என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்னா செஞ்சிருப்பீங்க?"

அவன் யோசித்தான். "ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. நீ சொன்னத உக்காந்து கேட்டிருப்பேன்."

கொழும்புக்கு மூவரும் போனார்கள். பையை அந்தனி சுமந்தான். விடுதி, வைத்தியசாலைக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடம். ஆம்பிளைகள் உள்ளே போகக்கூடாது என்று காவல்காரர் அவனை வெளிவாசல் படலையடியில் நிறுத்திவிட்டார். வாசற்படி ஏறியதும் சிவப்புத் தரைக்குப் பூசிய மெழுகு வாசம் ரோசலினின் மூக்கில் ஏறியது. அவள் கால் நின்றுவிட்டது. அந்த மெழுகை நோனா வீட்டில் அவள் முழங்காலில் நின்று பூசியிருக்கிறாள். தேங்காய் மட்டையால் தேய்த்திருக்கிறாள்.

"அம்மா, நடம்மா" என்றாள் சரோன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நட."

விடுதிப் பொறுப்பாளர் ஒரு தடித்த பெண். நாலு கட்டில் போட்ட அறையைத் திறந்து காட்டினாள். சன்னல் இருந்தது. அதன் வழியே ஒரு மாமரமும் பக்கத்து மொட்டைமாடியும் தெரிந்தன. ரோசலின் கட்டிலைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அவள் வெளியே போய் மற்றப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கொண்டி இருந்தது.

"இது எதுக்கு?"

"எல்லாரும் வேலைக்குப் போனா பூட்டிட்டுப் போகத்தான். வேற எதுக்கு?"

"உள்ள ஆள் இருக்கும்போது பூட்டினா?"

பொறுப்பாளருக்குக் கோபம் வந்தது. "எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இருக்கா? பிள்ளைய விடுறதுன்னா விடுங்க, இல்லன்னா கூட்டிட்டுப் போங்க. கீழ ஆளுங்க காத்திட்டிருக்காங்க."

ரோசலின் சுவரோடு ஒதுங்கினாள். சரோன்தான் முன்னால் வந்தாள். கையைக் கட்டாமல் நின்றாள்.

"மிஸ், பூட்டுச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"அறைப் பிள்ளைங்ககிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு."

"எங்க சாவிய இப்பவே தர முடியுமா?"

பொறுப்பாளர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பிலிருந்த கொத்தில் தேடி, பூட்டையும் சாவியையும் கழற்றிக் கட்டில்மேல் போட்டாள். சரோன் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ரோசலினுக்கு அது போதவில்லை. எது இருந்தாலும் அவளுக்குப் போதாது என்பது அவளுக்கே விளங்கியது. மற்றச் சாவி அந்தப் பெண்ணின் இடுப்பில் தொங்குகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். பஸ் நிலையம் பக்கத்தில்தான். நாளைக்கு இரண்டு பேரும் வாளியோடு மலைக்குப் போகலாம். சரோன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வா என்று ஒரு சொல் சொன்னால் வந்துவிடுவாள் போலத்தான் இருந்தது.

ரோசலின் மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. படலையடியில் அந்தனியின் சட்டைக் கையைப் பிடித்தவள், அவிசாவளை தாண்டும்வரை விடவில்லை.

அதன் பிறகு தினமும் பொழுது சாயும் நேரம் சரோன் போனில் பேசினாள். சாப்பாடு பரவாயில்லை என்றாள். அறையில் பலாங்கொடைப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்றாள். நல்லா இருக்கேன் என்றாள். அந்தனி சந்தோஷப்பட்டான். ரோசலினுக்கு அந்த நல்லா இருக்கேன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். இல்லையம்மா என்று பதில் வரும். பக்கத்தில் நிற்கிறவர்கள் இருந்தாலும் அப்படித்தானே சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு படுப்பாள்.

ஒரு நாள் பால் சேர்க்கிற நேரத்தில், மலையில் வைத்து, இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அந்த நேரத்தில் சரோன் கூப்பிட்டதே இல்லை. ரோசலின் கையில் சிரட்டையோடு நின்றாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

"சரோன்?"

மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னாச்சு? சொல்லு. என்ன செஞ்சாங்க?"

"ஏசினாங்கம்மா. வார்ட்டுல. எல்லா நோயாளிங்களுக்கும் முன்னால. கட்டில் விரிப்ப பிழையா மாத்திட்டேன்னு நர்ஸ் மிஸ் கத்தினாங்க."

"கை வச்சாங்களா?"

"இல்ல."

"பூட்டி வச்சாங்களா? உண்மையச் சொல்லு."

"இல்லம்மா. ஏச்சுதான்."

"நீ என்ன சொன்ன?"

சரோன் மூக்கை உறிஞ்சினாள். "எப்படி செய்யணும்னு காட்டுங்க மிஸ்னு கேட்டேன்."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அதுக்கு?"

"காட்டிக் குடுத்தாங்க. ஏசிக்கிட்டேதான் காட்டினாங்க. இனி பிழை விட மாட்டேன்."

ரோசலின் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப எங்க நிக்கிற?"

"ரோட்டுல. பலாங்கொடைப் பிள்ளைதான், வா டீ குடிப்போம்னு கூட்டிட்டு வந்துச்சு."

"கேட்டுக்கு வெளியிலயா?"

"ஆமா. ஏம்மா?"

"போன ரோட்டுப் பக்கம் திருப்பிப் பிடி."

சரோனுக்கு விளங்கவில்லை, ஆனாலும் திருப்பிப் பிடித்தாள். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. யாரோ மாம்பழம் விற்றுக் கூவினார்கள். ஒரு முச்சக்கர வண்டி, அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை எதற்கோ சிரிக்கும் குரல். ரோசலின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"போதுமாம்மா?" என்று தூரத்திலிருந்து சரோன் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் பிடி" என்றாள் ரோசலின்.